குதிரை பார்க்கப் போன இடத்தில் விற்பவர் எரிந்து விழுந்தால்: முழு வழிகாட்டி

குதிரைக்குப் பல் பார்ப்பது எப்படி, சுழி பார்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். விற்பவர் முகத்தில் அடித்த மாதிரி பேசினால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஏமாந்து வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பார்க்கத் தெரியும். பார்த்துக்கொண்டு இருக்கும்போதே "என்ன சார், பொண்ணு பாக்கவா வந்தீங்க, இத்தனை நோண்டுறீங்க" என்று ஒரு வார்த்தை விழும், சுற்றி நிற்கிற நாலு பேர் சிரிப்பார்கள், இவர் கூச்சப்பட்டுப் பாதியில் நிறுத்திவிட்டுப் பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்துவிடுவார். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் குதிரை நொண்டும்.

இதை முக்கியமாக அந்தியூரை மனதில் வைத்து எழுதுகிறேன். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவோடு கூடுகிற குதிரைச் சந்தை திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்று அங்கே சொல்வார்கள். மார்வாரி, கத்தியவாரி, வெள்ளை நொக்ரா, மட்டக்குதிரை என்று எல்லாம் வரும். கர்நாடகா, வடநாட்டு வியாபாரிகளும் வருவார்கள். ஒரு பண்ணைக்குத் தனியாகப் போய்ப் பார்ப்பவர்களுக்கும், ரேஸிலிருந்து ஓய்வுபெற்ற குதிரையைப் பெங்களூர் பக்கம் பார்ப்பவர்களுக்கும், மகாராஷ்டிராவில் அக்லுஜ், சாரங்கேடா குதிரைச் சந்தை வரைக்கும் போகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். கரடுமுரடாகப் பேசுகிற எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. சந்தையில் காலையிலிருந்து முந்நூறு பேர் வந்து குதிரையோடு செல்ஃபி எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, விலை கேட்டு, "அப்புறம் வர்றேன்" என்று போயிருப்பார்கள். முந்நூற்று ஓராவது ஆளாக நீங்கள் போய் நின்றால் அவர் பூச்செண்டு கொடுக்க மாட்டார். அந்த எரிச்சல் எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் இருக்கும். நீங்கள் உண்மையிலேயே வாங்க வந்தவர் என்று தெரிந்ததும் குறையும். நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொரு வகையை. வயது கேட்டபோது நன்றாகப் பேசியவர், உயரம் அளந்தபோது சிரித்தவர், பின்னங்காலைத் தூக்கச் சொன்னதும் திடீரென்று குரலை உயர்த்துகிறார் என்றால் அந்தக் காலில் ஏதோ இருக்கிறது. எந்த இடத்தில் எரிந்து விழுகிறாரோ அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அங்கேதான் கூடுதலாகப் பார்க்க வேண்டும். கீழே சொல்கிற படிகள் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

படி 1: போனிலேயே பாதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பண்ணையிலோ வீட்டிலோ போய்ப் பார்ப்பதாக இருந்தால் கிளம்புவதற்கு முன் போன் செய்யுங்கள். "குதிரை இருக்குதா, எவ்வளவு" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். வயது என்ன, உயரம் எத்தனை இன்ச், எத்தனை மாதமாக இவரிடம் இருக்கிறது, யார் தினமும் ஏறுகிறார்கள், லாடம் எப்போது அடித்தது, வண்டியில் ஏறுமா, ஏன் விற்கிறார், பேசுகிறவர் உரிமையாளரா தரகரா. இவ்வளவையும் கேளுங்கள். "நேர்ல வந்து பாருங்க, போன்ல என்ன பேசறது" என்றால் அதில் தப்பில்லை, பலருக்குப் போனில் பேச வராது. "வாங்கற ஆளு இத்தனை கேள்வி கேக்க மாட்டான்" என்று சொல்பவரைப் பார்க்க இருநூறு கிலோமீட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம்: "நான் வர்ற வரைக்கும் குதிரையை ஓட்டாம லாயத்துலயே வச்சிருங்க, நான் முதல்ல இருந்து பாக்கணும்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். விறைப்பான மூட்டு உள்ள குதிரை அரை மணி நேரம் ஓடிச் சூடானால் கொஞ்ச நேரத்துக்கு நன்றாக நடக்கும். துள்ளுகிற குதிரை களைத்துப் போனால் பசு மாதிரி நிற்கும். நீங்கள் போய்ச் சேரும்போது சேணம் வைக்கிற இடத்தில் வேர்வை காய்ந்த தடம் இருந்தால் கேளுங்கள். அதற்கு வருகிற பதிலின் சூடு ஒன்று சொல்லும், நாடி இன்னொன்று சொல்லும். ஓய்வில் இருக்கிற வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். தாடை எலும்பின் உட்பக்கம் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். லாயத்திலேயே நின்றது என்று சொல்லப்பட்ட குதிரைக்கு 60-க்கு மேல் ஓடினால் ஒன்று அது ஓடி வந்திருக்கிறது, இல்லை பயத்திலோ வலியிலோ இருக்கிறது.

படி 2: யாரைக் கூட்டிக்கொண்டு போவது

குதிரை தெரிந்த ஒருவர், ஏறத் தெரிந்த ஒருவர். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் இன்னும் நல்லது. ஆறு பேர் கும்பலாகப் போகாதீர்கள். ஆளுக்கு ஒன்று பேசுவார்கள், விற்பவர் உங்களில் யார் இளகிய ஆள் என்று பார்த்து அவரைப் பிடித்துக்கொள்வார். பேசுகிற ஆள் ஒருவர்தான் என்று வண்டியிலேயே முடிவு செய்துவிடுங்கள். குழந்தைகளை முதல் தடவை கூட்டிப் போகவே வேண்டாம். "அப்பா, இதுதான் வேணும்" என்று ஒரு குரல் கேட்டால் அன்றைக்குப் பேரம் முடிந்தது.

பெண்கள் வாங்கப் போனால் ஒரு தனித் தொல்லை உண்டு. கேள்வி கேட்பது அவராக இருந்தாலும் பதில் மட்டும் கூட வந்த ஆணைப் பார்த்து வரும், "மேடத்துக்குக் கலர் புடிச்சிருக்கா" என்று. கூட வந்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பதில் சொல்லாமல், "அவங்கதான் வாங்கறாங்க, அவங்ககிட்டயே சொல்லுங்க" என்று ஒதுங்கி நிற்பது. இரண்டு முறை இப்படிச் செய்தால் பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுவார்கள்.

படி 3: முதல் பத்து நிமிடம்

போனதும் வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள், காலைத் தொடாதீர்கள், விலையும் கேட்காதீர்கள். ஒரு வணக்கம், எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எதற்குக் குதிரை தேடுகிறீர்கள் என்று இரண்டு வரி. கொங்குப் பக்கத்து வியாபாரியிடம் "ஏனுங்க அண்ணா, கொஞ்ச நேரம் நின்னு பாத்துக்கட்டுங்களா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்பவர் குறைவு. வயதில் பெரியவரை ஐயா என்று கூப்பிடுங்கள், வடக்கிலிருந்து வந்தவரை பாய் என்றால் போதும். இதெல்லாம் பணிந்து போவது இல்லை. பின்னால் நீங்கள் "இல்லைங்க, அந்தக் காலைப் பாக்காம முடியாது" என்று அழுத்திச் சொல்லும்போது அதற்கு எடை இருக்க வேண்டுமானால் முதலில் மரியாதை கொடுத்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். குதிரை முன்னங்கால்களை நீட்டி எடையைக் குதிகால் பக்கம் சாய்த்து நிற்கிறதா? குளம்பு அழற்சி இருக்கலாம். கட்டையை முன்பல்லால் கவ்விக் காற்று விழுங்குகிறதா? நின்ற இடத்திலேயே பக்கத்துக்குப் பக்கம் ஆடுகிறதா? இரண்டும் பழக்கக் கோளாறு. தலை தொங்கி, கீழுதடு தளர்ந்து, கண் பாதி மூடி, ஆண் குதிரையாக இருந்தால் குறி வெளியே தொங்கிக்கொண்டு நின்றால் மயக்க ஊசி போட்டிருக்க வாய்ப்புண்டு. குளம்பு தெரியாத அளவுக்கு வைக்கோலோ மணலோ போட்டு அதில் நிறுத்தியிருந்தால் சமதரைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்படியே விற்பவர் குதிரையிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் பாருங்கள். உங்களிடம் கத்துகிறவர் குதிரையிடம் மெதுவாகப் பேசினால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வரும். உங்களிடம் தேன் ஒழுகப் பேசிவிட்டு, அவர் கையைத் தூக்கினாலே குதிரை கண்வெள்ளை தெரிய ஒதுங்கினால், அந்த இனிப்பை நம்பாதீர்கள். வாய் ஓரத்தில் புண் இருந்தால் கடிவாளத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளத்தை 1965-ஆம் ஆண்டு இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளே தடை செய்திருக்கின்றன. அப்படி இருந்தும் சந்தையில் பார்க்கலாம். முள் இல்லாமல் அந்தக் குதிரை நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி.

படி 4: பல்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். நீங்கள் லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறீர்கள், தாராளமாகப் பாருங்கள். ஆனால் நீங்களே வாய்க்குள் கையை விடாதீர்கள். அவரையோ அவருடைய ஆளையோ திறக்கச் சொல்லுங்கள். கடி வாங்குவதும் மிச்சம், "என் குதிரை மேல எதுக்குக் கைவச்ச" என்ற சண்டையும் மிச்சம்.

பால்பல் விழுந்து நடு முன்பல் இரண்டரை வயதிலும், அடுத்தது மூன்றரையிலும், ஓரப்பல் நாலரையிலும் முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். கீழ்ப்பல்லின் மேல்பரப்பில் இருக்கிற குழி நடுப்பல்லில் 6, அடுத்த பல்லில் 7, ஓரப்பல்லில் 8 வயது வாக்கில் தேய்ந்துபோகும். மேல் ஓரப்பல்லில் ஒரு பழுப்புக் கோடு 10 வயதுவாக்கில் ஈறோரம் தலைகாட்டி, 15-இல் பாதிப் பல்லுக்கும், 20-இல் முழுப் பல்லுக்கும் இறங்கும். இதெல்லாம் தோராயம்தான், தீனியைப் பொறுத்து ஓரிரு வருடம் மாறும். "அஞ்சு வயசு" என்று சொன்ன குதிரைக்குப் பாதிக் கோடு இறங்கியிருந்தால் அதைத் தோராயக் கணக்கில் சேர்க்க முடியாது.

இங்கேதான் முதல் வெடி வெடிக்கும். "நீ என்ன டாக்டரா? எங்க தாத்தா காலத்துல இருந்து குதிரை யாவாரம் பண்றோம்." இதற்கு வாதாடாதீர்கள். கூட்டத்துக்கு முன்னால் "நீங்க பொய் சொல்றீங்க" என்று சொல்லிவிட்டால் அவருக்குப் பின்வாங்க வழியே இல்லாமல் போய்விடும், அப்புறம் பேச்சு குதிரையைப் பற்றி இருக்காது. "சரிங்கண்ணா, எனக்குத் தெரிஞ்சதைப் பாத்துக்கறேன், நீங்க சொன்னதையும் வச்சுக்கறேன்" என்று நகர்ந்துவிடுங்கள். வயதை மனதில் எழுதிக்கொண்டீர்கள், விலை பேசும்போது அது வேலை செய்யும்.

படி 5: கால், குளம்பு, ஓட்டம்

பெரும்பாலான சண்டை இங்கேதான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாலு காலையும் மேலிருந்து கீழாகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலில் சூடோ வீக்கமோ இருந்து எதிர்க்காலில் இல்லாவிட்டால் அது கணக்கு. பிறகு நாலு குளம்பையும் தூக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு நாலாவதுக்கு "அது பழக்கம் இல்லீங்க, உதைக்கும்" என்றால் இரண்டு வழி இருக்கிறது. உண்மையிலேயே உதைக்கிற குதிரை என்றால், லாடம் அடிக்கும்போது என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உதைக்காத குதிரை என்றால் அந்தக் குளம்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சந்தையில் பக்கத்தில் நின்று பார்த்தது: வாங்க வந்த பெரியவர் இடது பின்குளம்பைக் கேட்டதும், வியாபாரி கயிற்றைப் பிடுங்கி, "வாங்கறதா இருந்தா வாங்கு, இல்லாட்டி நடையைக் கட்டு" என்று கத்தினார். பெரியவர் கோபப்படவே இல்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நடையைக் கட்டறேன் தம்பி, அதுக்கு முன்னாடி உன் குதிரை நடையை ஒருக்கா பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்ததில் வியாபாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையன் ஓட்டிக் காட்டினான். ரோட்டோரத்துக் கெட்டித் தரையில் பத்து அடி போவதற்குள் லாடச் சத்தம் மாறியது. மூன்று சத்தம் கணீரென்று, ஒன்று மட்டும் தொட்டும் தொடாமல். குளம்பைத் தூக்கியபோது ஆணித் துளையோரம் கறுத்துக் கசிந்துகொண்டு இருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கொட்டகைக்குப் போனார்.

ஓட்டிக் காட்டச் சொல்லும்போது கெட்டியான சமதரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, ஒரு முப்பது மீட்டர் போய்த் திரும்பி வரச் சொல்லுங்கள். நடை, பிறகு மெது ஓட்டம். முன்னங்கால் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினால் இது தெரியாது. "கொஞ்சம் கயித்தை விட்டு ஓட்டுங்க" என்று கேட்டதற்கு எரிச்சல் வந்தால், இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டாவது தடவையும் இறுக்கித்தான் பிடிப்பேன் என்றால் அவர் பதில் சொல்லிவிட்டார்.

நிறத்தையும் ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள். 2022-இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் ஒருவர் 22 லட்சத்துக்கு மேல் கொடுத்துக் கறுப்பு மார்வாரி என்று வாங்கிய குதிரை, வீட்டில் குளிப்பாட்டியதும் சாயம் போய்ப் பழுப்பானது. துணியை எடுத்தாலே கோபம் வருகிறவரிடம் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

படி 6: ஏறிப் பார்ப்பது

முதலில் அவர்கள் ஆள் ஏறட்டும். அவர்கள் யாரும் ஏறாத குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள், இதில் பேச்சுக்கே இடமில்லை. "பயமா இருக்குதா? அப்புறம் எதுக்கு உனக்குக் குதிரை?" என்று உசுப்பிவிடுவார்கள். வீடியோ எடுக்க நாலு பேர் போனைத் தூக்குவார்கள். அந்த நேரத்தில் ரோஷப்பட்டு ஏறுகிறவர்தான் விழுகிறார். "ஆமாங்க, பயம்தான், நீங்க ஏறிக் காட்டுங்க" என்று சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நாட்டியக் குதிரை, ரவால் என்கிற குலுங்காத நடை போடுகிற குதிரை என்று மேளத்துக்கு ஆடிக் காட்டுவார்கள். பார்க்க அழகுதான். நீங்கள் வாங்குவது சவாரிக்கு என்றால் மேளத்தை நிறுத்தச் சொல்லி, நேராக நடந்து, நின்று, கூட்டத்தை விட்டுத் தனியாகப் போகிறதா என்று பாருங்கள். மற்ற குதிரைகளை விட்டு நகராத குதிரை உங்கள் வீட்டில் தனியாக நின்று கத்தும்.

படி 7: சுழியும் விலையும்

சுழியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் சந்தையில் அது பணம். நல்ல சுழி என்று அவர் ஏற்றுவார், கெட்ட சுழி என்று நீங்கள் குறைக்கலாம் என்று கூட வந்தவர் சொல்வார். குதிரை நன்றாக இருந்து, சுழி சரியில்லை என்று யாரும் வாங்காமல் நின்றால் உங்களுக்கு லாபம். ஒன்று மட்டும்: திரும்ப விற்கும்போது அதே சுழி உங்கள் தலையில் விடியும்.

விலையைத் துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள் என்றால், ஒரு விரலுக்கு ஆயிரமா பத்தாயிரமா என்று முதலிலேயே வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தரகருக்கு எவ்வளவு, யார் கொடுப்பது என்பதையும் அப்போதே. நீங்கள் சொன்ன விலைக்கு "இந்தக் காசுக்குக் கழுதை வாங்கிக்க" என்பது அநேகமாகக் கிடைக்கிற பதில். அதைத் திட்டு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது பேரத்தின் தொடக்கம். நீங்களும் குதிரையை மட்டம் தட்டாதீர்கள். "எலும்பும் தோலுமா இருக்குது" என்று சொன்னால் அவரை வளர்க்கத் தெரியாதவர் என்று சொன்ன மாதிரி. நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: வயது இவ்வளவு தெரிகிறது, வலது முன்காலில் பழைய வீக்கம் இருக்கிறது, அதனால் என் விலை இது.

"பத்து பேர் வெயிட் பண்றாங்க, இப்பவே சொல்லு" என்றால், அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போங்கள். குதிரை போய்விட்டால் போகட்டும்.

படி 8: டாக்டர், ரத்தப் பரிசோதனை

விலை பேசி முடித்து, பணம் கொடுப்பதற்கு முன்னால் வருகிற படி இது. கால்நடை மருத்துவரை வைத்துப் பாருங்கள். கிளாண்டர்ஸ் நோய்க்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம் கேளுங்கள். அது குதிரையிலிருந்து மனிதருக்கும் வரும், சிகிச்சை கொடுத்துக் குதிரையை வைத்துக்கொள்ளக்கூடிய நோயும் இல்லை. உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டி வரும். ஹரியானாவின் ஹிசாரில் இருக்கிற தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பரிசோதனையைச் செய்கிறது, மாதிரியை உங்கள் ஊர்க் கால்நடைத் துறை வழியாக அனுப்பலாம். குதிரைத் தொற்று ரத்தசோகைக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

சந்தையில் ரத்தப் பரிசோதனைக்கு நேரம் இருக்காது, அது உண்மை. அதனால் முன்கூட்டியே எடுத்த சான்று இருக்கிறதா, எந்தத் தேதியில் எடுத்தது, அதில் எழுதியிருக்கிற அடையாளம் இந்தக் குதிரையோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். மார்வாரிக்குப் பதிவு இருக்கிறது என்றால் மைக்ரோசிப் எண்ணை ரீடர் வைத்து ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் என்றதும் "என் மேல நம்பிக்கை இல்லையா" என்பார்கள். "உங்க மேல இருக்குங்க, குதிரை வாய்விட்டுச் சொல்லாதே, அதான்" என்று சொல்லலாம். டாக்டர் செலவு உங்களுடையது, அரை மணி நேரம்தான் அவருடையது. அதற்கும் முடியாது என்கிறவரிடம் எவ்வளவு நல்ல குதிரை இருந்தாலும் விட்டுவிடுங்கள். நான் வளைந்து கொடுக்காத இன்னொரு இடம் இது.

படி 9: அச்சாரம்

டாக்டர் பார்க்கும் முன் அச்சாரம் கேட்டால் சின்னத் தொகையாக, "பரிசோதனையில் குறை தெரிந்தால் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்தோடு கொடுங்கள். யுபிஐயில் அனுப்பினால் குறிப்பில் குதிரையின் நிறமும் அச்சாரம் என்ற சொல்லும் இருக்கட்டும். முழுப் பணம் கொடுக்கும்போது ரசீதில் வயது, நிறம், உயரம், அடையாளம், விற்பவர் பெயர், போன் நம்பர், "நொண்டல் இல்லை, கடி உதை இல்லை" என்று அவர் வாயால் சொன்னது எல்லாம் வர வேண்டும். இதை எழுத மாட்டேன் என்று சண்டைக்கு வந்தால் எந்த வரியை எழுத மறுக்கிறார் என்று பாருங்கள்.

பேச்சு முற்றி ஆட்கள் சூழ்ந்தால், சட்டையைப் பிடிக்கிற நிலைமை வந்தால், குதிரையையும் நியாயத்தையும் விட்டுவிட்டு அங்கிருந்து நகருங்கள். பணத்தை எடுத்துக் காட்டாதீர்கள். அச்சாரம் மாட்டிக்கொண்டது என்றால் அங்கேயே கத்தாமல், ரசீதோடு திருவிழாப் பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸிடம் போய்ச் சொல்லுங்கள்.

படி 10: முசுடு ஆளிடம் நல்ல குதிரை இருந்தால்

வாங்கிவிடுங்கள். பல், கால், ஓட்டம், டாக்டர் எல்லாம் சரியாக இருந்து, ஆள் மட்டும் சிடுசிடு என்றால் அது உங்கள் பிரச்சினை இல்லை. அவரோடு குடித்தனம் நடத்தப் போவதில்லை. சொல்லப்போனால் இப்படிப்பட்டவர்கள்தான் பணம் கை மாறிய பிறகு ஒளிக்காமல் பேசுவார்கள். அப்போது உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்: கொள்ளு எவ்வளவு, ஊறவைத்தா வேகவைத்தா, எந்தப் புல், எத்தனை வேளை, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது, டெட்டனஸ் ஊசி போட்டதா, எதைக் கண்டால் மிரளும், எந்தப் பக்கம் தொட்டால் பிடிக்காது. அந்தத் தீனியையே இரண்டு வாரம் கொடுத்து, பிறகு மெதுவாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்று வலி வரும், குதிரைக்கு அது உயிர் போகிற விஷயம்.

வண்டியில் ஏற்றுகிற வேலையையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அவர் குரலுக்கு ஏறும், உங்கள் குரல் அதற்கு இன்னும் தெரியாது. ஏறியதும் கயிற்றின் நீளத்தைச் சரிபார்த்து, பழைய முகக்கயிறையும் அவர் போட்டுவந்த ஒரு கட்டுப் புல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.